கீழாநெல்லிக்கு ஒரு பரீட்சை

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தால் போதும். வடசென்னை வண்ணாரப்பேட்டையில் எங்கெல்லாம் கொஞ்சம் மண் வெளியே தெரிகிறதோ அங்கெல்லாம் ஒரு குட்டிச் செடி தலைநீட்டிவிடும். பள்ளிக்கூட மதிலோரம், கொருக்குப்பேட்டை ரயில் பாதையின் சரளைக்கல் இடுக்கு, பூங்காவின் வேலி, மொட்டை மாடியில் சும்மா கிடக்கும் பூந்தொட்டி என்று எங்கும் பார்க்கலாம். உங்கள் முழங்கால் உயரம்கூட வராது. மெல்லிய கிளையின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள் வரிசையாக இருக்கும். கிளையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில் கடுகு அளவில் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். பொழுது சாய்ந்ததும் இலைகள் மடிந்துகொள்ளும். இதுதான் கீழாநெல்லி. நெல்லி மரமும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை வந்தால் பாட்டிமார் முதலில் சொல்வது இந்தச் செடியைத்தான். "கீழாநெல்லிய வேரோட அரைச்சு, மோர்ல கலக்கி, வெறும் வயித்துல குடுடி" என்பார்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு நெடுங்காலமாக இடம் உண்டு. நம் ஊரில் இதைக் குடித்துக் குணமானதாகச் சொல்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

உண்மையிலேயே இந்தச் செடிதான் அவர்களைக் குணமாக்கியதா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்வியைச் சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சிலர் 1980-களில் கையில் எடுத்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த அந்தச் சோதனையின் கதைதான் இது. இதைத் தெரிந்துகொண்டால், எந்த மூலிகையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரியான கேள்வியைக் கேட்க உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நம் ரத்தத்திலுள்ள ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். பிறகு உடைந்துவிடும். பெரியவர் ஒருவரின் உடலில் ஒவ்வொரு நொடியும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் இப்படி உடைகின்றன. அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. உடைந்த அணுக்களிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பிடித்து, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும்.

கல்லீரலுக்கு உடம்பு சரியில்லை என்றால் இந்த வேலை தடைபடும். பிலிருபின் ரத்தத்திலேயே தேங்கும். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகும், தோல் மஞ்சளாகும், சிறுநீரும் அடர்ந்த மஞ்சளில் போகும். ஆகவே காமாலை என்பது தனி நோய் இல்லை. கல்லீரலிலோ பித்தக் குழாயிலோ ரத்தத்திலோ ஏதோ கோளாறு என்று உடம்பு காட்டும் அடையாளம். அதற்குக் காரணம் வைரஸாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், ஒத்துக்கொள்ளாத மாத்திரையாக இருக்கலாம், பித்தக் குழாயை அடைத்த கல்லாகவும் இருக்கலாம்.

குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பழைய தெருக்களில், குழாயில் விரிசல் விட்டால் இரண்டும் கலந்துவிடும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட தண்ணீர் வழியாகப் பரவுபவை ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ என்ற இரண்டு வைரஸ்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. இந்த இரண்டு வைரஸ்களாலும் வரும் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். நம் உடம்பின் எதிர்ப்புப் படையே வைரஸை விரட்டிவிடும். அந்தச் சில வாரங்களில் ஒருவர் தினமும் கீழாநெல்லி குடித்திருந்தால் என்ன சொல்வார்? "கீழாநெல்லி குடிச்சேன், சரியாப் போச்சு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் குடித்த பிறகு சரியானதா, குடித்ததால் சரியானதா என்பது அவருக்கே தெரியாது.

கீழாநெல்லி குடித்த 100 பேரில் 99 பேர் குணமானார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. குடிக்காத 100 பேரைத் தேடிப்பிடித்துப் பார்க்கிறோம். அவர்களிலும் 99 பேர் குணமாகியிருக்கிறார்கள் என்றால், செடி எந்த உதவியும் செய்யவில்லை என்றுதானே ஆகிறது? குடிக்காதவர்களையும் பார்க்காமல் எந்த மருந்துக்கும் மதிப்பெண் போட முடியாது.

பிடிவாதக்கார வைரஸ்

அப்படியானால் செடியைச் சோதிக்க, தானாகச் சுலபமாகப் போகாத நோய் ஒன்று வேண்டும். ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டது. இது தண்ணீரில் பரவாது. ரத்தம் வழியாகவும், சுத்தம் செய்யாத ஊசி வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ, 10 பேரில் 9 பேருக்கு வாழ்நாள் முழுக்க உடம்பிலேயே தங்கிவிடும். பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கல்லீரலைச் சுருக்கிவிடலாம். சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்கும்.

இந்த வைரஸின் அடையாளத்தை முதன்முதலில் ரத்தத்தில் கண்டவர் பரூக் பிளம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அதற்காக 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸின் மேற்புறத்திலுள்ள ஒரு புரதம் நோயாளியின் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். ரத்தத்தைச் சோதித்து அந்தப் புரதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். இது பெரிய வசதி. "இப்ப கொஞ்சம் தேவலை" என்று நோயாளி சொல்வதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ரத்தமே பதில் சொல்லும்.

தரமணியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ந்துகொண்டிருந்தவர் எஸ்.பி. தியாகராஜன். பின்னாளில் அதே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனவர். அவரும் அவருடைய குழுவினரும் கீழாநெல்லியையும் கரிசலாங்கண்ணியையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் சாரம் இந்த வைரஸ் புரதத்தை என்ன செய்கிறது என்று சோதனைக்குழாயில் பார்த்து 1982-ல் எழுதினார்கள். பிறகு பிளம்பர்க்கின் குழுவும் சேர்ந்துகொண்டது. கீழாநெல்லி உலக மேடைக்குப் போனது.

முதல் கேள்வி: நீ யார்?

மூலிகைச் சோதனையில் முதல் வேலை மருந்து தயாரிப்பது இல்லை. செடியை அடையாளம் காண்பது. செடியை வேர், இலை, பூ, காயோடு பிடுங்கி, செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதி, எண் கொடுத்து, தாவரக் காப்பகத்தில் வைப்பார்கள். இருபது ஆண்டு கழித்து யாராவது "நீங்கள் சோதித்தது எந்தச் செடி?" என்று கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

கீழாநெல்லி விஷயத்தில் இது மிகவும் தேவைப்பட்டது. இந்தியாவில் நெடுங்காலம் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதப்பட்டுவந்த செடி, உண்மையில் ஒன்றைப்போலவே இருக்கும் மூன்று வேறு இனங்கள் என்று 1985-ல் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். 1987-ல் அமெரிக்காவில் வெளியான பிளம்பர்க் குழுவின் ஆய்வுக் கட்டுரையில் செடியின் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. அடுத்த ஆண்டு சென்னைக் குழு எழுதிய கட்டுரையில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். நம் மதிலோரத்துச் செடிக்கே இவ்வளவு குழப்பம்.

இரண்டாம் கேள்வி: உனக்குள் என்ன இருக்கிறது?

ஒரு செடிக்குள் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கும். சில தண்ணீரில் கரையும், சில ஆல்கஹாலில் மட்டும் கரையும். எதில் ஊறவைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் சாரம் மாறும்.

ஆய்வகத்தில் சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியை வைத்துச் சாரம் எடுப்பதைப் பார்க்க அழகாக இருக்கும். நிழலில் உலர்த்திய செடியின் தூளை ஒரு தாள் குப்பிக்குள் போட்டுக் கருவியின் நடுவில் வைப்பார்கள். கீழே உள்ள குடுவையில் ஆல்கஹால் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தூளின்மேல் விழும். தூள் மூழ்கும் அளவுக்கு நிரம்பியதும், பக்கத்திலுள்ள வளைந்த குழாய் வழியாகப் பச்சை நீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழே இறங்கிவிடும். மறுபடி ஆவி, மறுபடி சொட்டு. மணிக்கணக்கில் இது நடக்கும். கடைசியில் ஆல்கஹாலை நீக்கினால் பிசுபிசுவென்று கரும்பச்சை விழுது மிஞ்சும். அதுதான் சாரம்.

அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க, சிலிகா பூசிய தகட்டின் அடியில் ஒரு பொட்டு சாரம் வைத்து, தகட்டின் நுனியைக் கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற, ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு உயரத்தில் நின்றுவிடும். புற ஊதா விளக்கில் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். கீழாநெல்லியில் ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின் என்ற இரண்டு பொருள்களைத் தேடுவார்கள். அந்தப் புள்ளிகள் இல்லையென்றால் பொட்டலத்தில் இருப்பது வேறு ஏதோ செடியாக இருக்கலாம். அல்லது சரியாக உலர்த்தாமல் கெட்டுப்போன செடியாக இருக்கலாம்.

மூன்றாம் கேள்வி: வேலை செய்கிறாயா?

முதலில் சோதனைக்குழாய். ஹெபடைடிஸ் பி வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள ஒரு நொதியைப் பயன்படுத்துகிறது. கீழாநெல்லிச் சாரம் அந்த நொதியின் வேலையைத் தடுத்தது.

ஆனால் சோதனைக்குழாய் ஒரு உயிர் இல்லை. அதற்கு வயிறு கிடையாது, கல்லீரல் கிடையாது. குழாயில் வைரஸை அடக்கும் பொருள், உடம்புக்குள் போனதும் செரித்துக் காணாமல் போகலாம். அதனால் அடுத்தது விலங்கு. வட அமெரிக்காவில் வுட்சக் என்று ஒரு பிராணி இருக்கிறது. அணில் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் பூனை அளவுக்குக் கொழுகொழுவென்று இருக்கும். அதற்கும் ஹெபடைடிஸ் பி போன்ற ஒரு வைரஸ் வரும். பிளம்பர்க்கின் குழு வுட்சக்குகளுக்குச் சாரத்தை ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தது. புதிதாகத் தொற்றிய 4 பிராணிகளில் 3-ன் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் குறைந்து, சில வாரங்களில் மறைந்தது. இதெல்லாம் 1987-ல் வெளியானது.

அதற்கடுத்தது மனிதர்கள். ஒருவரைச் சோதனையில் சேர்ப்பதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம், என்ன ஆபத்து வரலாம் என்று புரியும்படி சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இன்று இந்தியாவில் மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனை எதுவானாலும், தொடங்குவதற்கு முன்பே அரசின் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பிடிக்காத முடிவு வந்தால் யாரும் அதை ஒளித்துவைக்கக் கூடாது என்பதற்கும் இது ஒரு ஏற்பாடு.

சென்னையில் ஹெபடைடிஸ் பி உடம்பிலேயே தங்கிவிட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உலர்ந்த கீழாநெல்லித் தூள் 200 மில்லிகிராம் அடங்கிய கேப்ஸ்யூல், நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். இன்னொரு குழுவுக்குச் செடியே இல்லாத கேப்ஸ்யூல். இதை மருந்துப்போலி என்பார்கள்.

ஏன் இந்தப் போலி? மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே பலருக்குத் தெம்பு கொடுக்கும். அந்தத் தெம்பு இரண்டு குழுவுக்கும் ஒரே அளவில் இருந்தால்தான், செடியின் வேலை தனியாகத் தெரியும். இப்படிப்பட்ட சோதனைகளில் யார் எந்தக் குழுவில் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலாகத் தீர்மானிப்பதும் முக்கியம். இல்லாவிட்டால், மருத்துவர் தன்னை அறியாமலேயே கொஞ்சம் தெம்பானவர்களை மருந்துக் குழுவில் சேர்த்துவிடலாம்.

முடிவு 1988 அக்டோபரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட்டில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. 100-க்கு 59. மருந்துப்போலி சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. 100-க்கு 4. சொல்லும்படியான பக்கவிளைவும் இல்லை. மதிலோரத்தில் முளைக்கும் செடிக்கு இப்படியொரு மதிப்பெண்! இது தொடக்கநிலை ஆய்வு, இன்னும் சோதிக்க வேண்டும் என்று அவர்களே அதில் எழுதியிருந்தார்கள்.

மறுபரீட்சை

அறிவியலில் ஒருமுறை பாஸானால் போதாது. வேறு ஊரில், வேறு ஆட்கள், வேறு நோயாளிகளிடம் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும்.

தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். வைரஸ் போகவில்லை. அதை 1990-ல் அதே லான்செட் இதழில் எழுதினார்கள். நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் பலன் இல்லை என்று 1994-ல் வெளியானது. 2011-ல் காக்ரேன் என்ற உலக அமைப்பின் ஆய்வாளர்கள், கீழாநெல்லியையும் அதன் சொந்தக்காரச் செடிகளையும் பற்றிய 16 ஆய்வுகளை, மொத்தம் 1326 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மருந்துப்போலியைவிட இவை மேல் என்று நம்பும்படியான சான்று இல்லை என்று முடிவு சொன்னார்கள். ஏற்கெனவே உள்ள வைரஸ் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் போதிய கவனத்தோடு செய்யப்படாதவை.

படிக்கும்போது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. நம் ஊர்ச் செடி ஜெயிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது! ஆனால் ஏன் இப்படி ஆனது என்று யோசித்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

முதல் காரணம், எண்ணிக்கை. வண்ணாரப்பேட்டையில் சந்துக்குச் சந்து கேரம் ஆடுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதிதாக ஆட வந்த பையன் முதல் போர்டில் நல்ல ஆட்டக்காரரை ஜெயித்துவிடுவது உண்டு. அதை வைத்து அவனைச் சாம்பியன் என்று சொல்ல மாட்டோம். இன்னும் பல போர்டு ஆடச் சொல்வோம். 37 பேர், 23 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. தற்செயல் அதற்குள் புகுந்து விளையாட இடம் உண்டு.

இரண்டாவது காரணம் செடியே. தாய்லாந்துச் செடியும் தமிழ்நாட்டுச் செடியும் ஒரே இனமாக இருந்தாலும், மண்ணும் மழையும் பறிக்கும் பருவமும் மாறினால் உள்ளே இருக்கும் பொருள்களின் அளவும் மாறும். மூன்றாவது, நோயாளிகள். வைரஸ் எத்தனை ஆண்டாக உடம்பில் இருக்கிறது, எந்த வயதில் வந்தது என்பதைப் பொறுத்தும் பலன் மாறலாம்.

ஆக, இன்றைய நிலவரம் இதுதான்: ஹெபடைடிஸ் பி-யை கீழாநெல்லி குணமாக்கும் என்று சொல்லச் சான்று போதாது. அந்த வைரஸை அடக்கி வைக்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன. அதைவிட நல்ல செய்தி, வராமலே தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. அதற்கு வழி காட்டியவர்களில் ஒருவரும் அதே பிளம்பர்க்தான். குழந்தை பிறந்தவுடன் அரசு மருத்துவமனையில் போடும் ஊசிகளில் அதுவும் ஒன்று. உங்கள் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், இருக்கும்.

நான்காம் கேள்வி: கெடுதல் செய்வாயா?

"இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்று பொட்டலத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரளியும் இயற்கைதான், ஊமத்தையும் இயற்கைதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதையே.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் எடை குறைக்கச் சீன மூலிகைத் தூள் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. சிலருக்கு முழுமையாகவே செயலிழந்தது. காரணத்தைத் தேடியபோது, ஸ்டெபானியா என்ற செடியின் தூள் இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்ற செடியின் தூள் இருந்தது தெரியவந்தது. சீனத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கும் மேல். அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. "நீ யார்?" என்ற முதல் கேள்வியைச் சரியாகக் கேட்காததால் வந்த வினை இது. நம் ஊர்க் கரிசல் காட்டில் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

இதனால்தான் மூலிகைச் சாரத்தை மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு பெரிய அளவு கொடுத்து 14 நாள் கவனிப்பது ஒரு சோதனை. சிறிய அளவில் தினமும் 90 நாள் கொடுத்து, பிறகு ரத்தம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்ப்பது இன்னொன்று. எடை குறைகிறதா, தீனி தின்கிறதா, சோர்ந்து மூலையில் உட்காருகிறதா என்று தினமும் குறித்துவைப்பார்கள். விலங்குகளைத் தேவையில்லாமல் வதைக்கக் கூடாது என்பதால் இதற்கென்று உள்ள நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தட்டில் வளர்த்த செல்களிலேயே தெரிந்துகொள்ளக் கூடியதை அங்கேயே தெரிந்துகொள்வார்கள்.

வடசென்னைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. செடி தன் வேரால் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவதில்லை. மண்ணில் ஈயமும் காட்மியமும் இருந்தால் அவற்றையும் உறிஞ்சிவிடும். இலையின்மேல் புகையும் தூசியும் படியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், மணலி, எண்ணூர் ஆலைகள், அனல்மின் நிலையச் சாம்பல் எல்லாம் நம்மைச் சுற்றித்தானே இருக்கின்றன? மூலிகைத் தூளில் ஒரு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, காட்மியம் 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. பழைய பேட்டரிக் குப்பையின் பக்கத்தில் வளர்ந்த கீழாநெல்லி, கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆய்வகத்தில் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆகவே தெருவோரம் பறித்த எந்த மூலிகையையும் அரைத்துக் குடிக்காதீர்கள்.

எதிர்பாராத பதில்

பரீட்சையில் தோற்றுப்போய், வேறு பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய செடியும் உண்டு. பூங்காவிலும் வாசல் தொட்டியிலும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் வருடம் முழுக்கப் பூக்கும் நித்தியகல்யாணிதான் அது. பல நாடுகளில் அதைச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். 1950-களில் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாரத்தை ஊசியில் ஏற்றிய எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. ஏன் என்று பார்த்தால், அவற்றின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் பெருமளவு குறைந்திருந்தன.

வேறு யாராவதாக இருந்தால், தோல்வி என்று எழுதிவிட்டு அடுத்த செடிக்குப் போயிருப்பார்கள். இவர்கள் யோசித்தார்கள். ரத்தப் புற்றுநோயில் வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அவற்றைக் குறைக்கும் பொருள் ஒன்று இந்தச் செடியில் இருக்கிறதென்றால்? 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். அது மருந்தானது. அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின், இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மருந்துகளில் ஒன்று. எலியைக் கொன்ற அதே செடியின் பொருள்தான். சுத்தமாகப் பிரித்து, மிகமிகச் சிறிய அளவில், மருத்துவரின் கண்காணிப்பில் ரத்த நாளத்தில் ஏற்றுவதால் உயிர் காக்கிறது. அந்த இலையை வாயில் வைத்து மென்று பார்க்க நினைக்காதீர்கள், அது நஞ்சு.

நாம் என்ன செய்யலாம்?

டெங்கு பரவிய 2012-ல் நிலவேம்புக் குடிநீரை அரசே மக்களுக்கு வழங்கத் தொடங்கியது. நீங்களும் தெருமுனையில் வரிசையில் நின்று குடித்து முகம் சுளித்திருப்பீர்கள். அது ஒன்பது சரக்குகள் சேர்ந்த கஷாயம். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இத்தகைய மருந்துகளை ஆராய்கிறார்கள். ஒரு செடியைச் சோதிப்பதே இவ்வளவு கடினம் என்றால், ஒன்பதையும் சேர்த்துச் சோதிக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும். உங்களில் சிலர் அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை ஒன்று செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், எந்த வகைக் காமாலை என்று முதலில் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் கஷாயமோ சூரணமோ குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். அவர் எழுதும் மாத்திரையோடு அது சேருமா சேராதா என்று பார்க்க அவருக்கு அது தெரிய வேண்டும்.

செய்து பாருங்கள்: பயறு சொல்லும் பதில்

ஒரு இலைச்சாறு உயிருள்ள ஒன்றை என்ன செய்கிறது என்று நீங்களே சோதிக்கலாம்.

தேவையானவை: பச்சைப்பயறு 80, சின்னக் கிண்ணங்கள் 4, பஞ்சு, ஒரு கைப்பிடி வேப்பிலை, ஸ்கேல்.

பெரியவர் ஒருவரிடம் வேப்பிலையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு கிண்ணத்துப் பஞ்சை வெறும் தண்ணீரில் நனையுங்கள். இரண்டாவதை, ஒரு பங்கு சாறும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து நனையுங்கள். மூன்றாவதைச் சரிபாதி கலந்து நனையுங்கள். நான்காவதைச் சாற்றால் மட்டும் நனையுங்கள்.

80 பயறையும் ஒன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, கிண்ணத்துக்கு 20 வீதம் போடுங்கள். பெரிய பயறெல்லாம் ஒரே கிண்ணத்துக்குப் போய்விடாமல் இருக்கத்தான் இப்படி. நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் ஒருவர் கிண்ணங்களை இடம் மாற்றி, அவற்றின் அடியில் க, ங, ச, ஞ என்று எழுதட்டும். எது எந்தச் சாறு என்று அவருக்கு மட்டும் தெரியட்டும். தினமும் காலையில் அந்தந்தக் கிண்ணத்துக்கு உரிய சாற்றையோ தண்ணீரையோ ஒரே அளவில் அவரே தெளிக்கட்டும். மூன்றாம் நாள், ஒவ்வொரு கிண்ணத்திலும் எத்தனை முளைத்திருக்கிறது என்று நீங்கள் எண்ணுங்கள். முளைவேரின் நீளத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். எழுதி முடித்த பிறகுதான் எந்தக் கிண்ணம் எது என்று கேட்க வேண்டும். பயறையும் சாற்றையும் வாயில் போடக் கூடாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் வகுப்பில் இன்னும் நான்கு பேரை இதையே தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள். எல்லாருடைய எண்களையும் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். ஒருவருடைய முடிவு மற்றவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை அடிக்காதீர்கள், திருத்தாதீர்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எல்லாரும் உட்கார்ந்து ஏன் என்று பேசுங்கள். பிறகு இன்னொரு முறை செய்து பாருங்கள்.